சுன்னாகம் முதல் மன்னார் வரை: யாருக்காகத் தளர்கின்றன சட்டங்கள்?

சுன்னாகம் நிலத்தடி நீர் வழக்கில் உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரல் 4ஆம் திகதி தீர்ப்பளித்தது. அடுத்த பதினேழாவது நாள் ஈஸ்டர் குண்டுத் தாக்குதல்கள். அதன் பின்னர் கைதுகள், சோதனைகள், கடை எரிப்புகள், அபாயாத் தடை என்று எமது சமூகம் அடுத்தடுத்து நெருக்கடிகளைச் சந்தித்தது. அந்தக் கெடுபிடியில் யாழ்ப்பாணத்துக் கிணறுகளைப் பற்றிய ஒரு தீர்ப்பை வாசிக்க யாருக்கும் மனமோ நேரமோ இருக்கவில்லை. சிங்கள, ஆங்கிலப் பத்திரிகைகளும் ஒரு நாள் செய்தியோடு அதை விட்டுவிட்டன. ஆனால் பெரிய கம்பனிகளின் பணத்துக்கும் அரசாங்கத்துக்கும் இடையிலான உறவு இந்த நாட்டில் எப்படி இயங்குகிறது என்பதை அறிய விரும்பும் ஒருவர் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது அந்தத் தீர்ப்பைத்தான் என்பது எனது கருத்து.

நான் இதைக் கரவெட்டியிலிருந்து எழுதுகிறேன். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. வீட்டார் இன்றும் புத்தளத்தில்தான் இருக்கின்றனர். தொழில் நிமித்தம் நான் மட்டும் சில வருடங்களாக வடமராட்சியில் தங்கியிருக்கிறேன். இங்கே ஆறு கிடையாது. குடிப்பது, சமைப்பது, வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைப்பது எல்லாம் கிணற்றுத் தண்ணீர். குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். அது துளைகளும் வெடிப்புகளும் நிறைந்த பாறை. மழை நீர் அதற்குள் இறங்கித் தேங்குகிறது. நிலத்தின் மேல் எதை ஊற்றினாலும் அதுவும் அதே வழியால் இறங்கும். வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என்று நிலத்தடி நீர்ப்படுக்கைகள் தனித்தனியாக இருப்பதால் சுன்னாகத்து எண்ணெய் கரவெட்டிக்கு வரவில்லை. வரவில்லையே தவிர, அந்தப் பயம் இங்கேயும் வந்தது. நெல்லியடிச் சந்தையில் இன்றும் யாராவது சுன்னாகம் பேச்சை எடுத்தால், "எங்கட தண்ணிக்கும் அந்தக் கதி வராதெண்டு என்ன உறுதி?" என்ற கேள்வி உடனே வரும்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். யுத்த காலத்தில் குடாநாடு தேசிய மின் வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்தது. தொண்ணூறுகளில் இங்கிருந்தவர்கள் ஜாம் போத்தலுக்குள் திரி போட்டு மண்ணெண்ணெய் விளக்கு எரித்த கதை எல்லோருக்கும் தெரிந்ததே. அப்படி இருட்டில் இருந்த ஒரு மக்கள் கூட்டத்துக்கு மின்சாரம் தருகிறோம் என்று யார் வந்தாலும் வரவேற்புத்தான் இருக்கும். இலங்கை மின்சார சபையின் சுன்னாகம் வளாகத்தில், எம்.ரி.டி. வோக்கர்ஸ் குழுமத்தைச் சேர்ந்த நொதேர்ன் பவர் என்ற தனியார் கம்பனி அனல் மின் நிலையம் ஒன்றை அமைத்தது. கனரக எண்ணெயில் இயங்கும் நிலையம். உற்பத்தி செய்யும் மின்சாரத்தை மின்சார சபை வாங்கும் என்பது ஒப்பந்தம். யுத்தம் முடிந்த காலத்தில் அது இயங்கத் தொடங்கியது.

சில வருடங்களில் அயலிலுள்ள கிணறுகளில் எண்ணெய்ப் படலம் தெரிய ஆரம்பித்தது. தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013 இறுதி தொடக்கம் 2014 வரை 150 கிணறுகளின் நீரை ஆராய்ந்தது. அவற்றில் 109 கிணறுகளில் எண்ணெயும் கிறீசும் அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் இருந்தன. மக்கள் பவுசரில் வரும் தண்ணீருக்குக் கலன்களோடு வரிசையில் நின்றனர். வீதியில் இறங்கினர். 2015 ஜனவரியில் மல்லாகம் நீதவான் நீதிமன்றம் நிலையத்தின் இயக்கத்தை நிறுத்துமாறு இடைக்காலக் கட்டளை பிறப்பித்தது. அதே ஆண்டு உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மீறல் மனு தாக்கலானது.

இங்கே ஒரு விடயத்தைக் குறிப்பிட்டாக வேண்டும். அந்த மனுவைத் தாக்கல் செய்தவர் ரவீந்திர குணவர்தன காரியவசம் என்ற தெற்கைச் சேர்ந்த சுற்றாடல் செயற்பாட்டாளர். யாழ்ப்பாணத்தில் வாக்குக் கேட்ட கட்சிகளில் எதுவும் அவருக்கு முந்திக்கொள்ளவில்லை. வட மாகாண சபை தன் பங்குக்கு நிபுணர் குழு ஒன்றை நியமித்தது. ஆபத்தான எண்ணெய் மாசு இல்லை என்ற தொனியில் அந்தக் குழு அறிக்கை கொடுத்தது. தமிழருக்கான அதிகாரம் தமிழர் கையில் இருந்தால் தண்ணீர் பாதுகாக்கப்படும் என்று நம்பியவர்களுக்கு அது கசப்பான அனுபவம். (முஸ்லிம் அமைச்சர்கள் இருந்தால் முஸ்லிம் ஊர்கள் பாதுகாக்கப்படும் என்று நம்பும் எங்களுக்கும் இதில் பாடம் இருக்கிறது. அதைப் பின்னர் சொல்கிறேன்.)

நீதியரசர் பிரசன்ன ஜயவர்தன எழுதிய தீர்ப்பு, நொதேர்ன் பவர் நிலையமே நிலத்தையும் நிலத்தடி நீரையும் மாசுபடுத்தியது என்ற முடிவுக்கு வந்தது. மாசுபடுத்தியவரே செலுத்த வேண்டும் என்ற கோட்பாட்டின்படி 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்துமாறு கம்பனிக்குக் கட்டளையிட்டது. கம்பனியோடு அது நின்றுவிடவில்லை. மத்திய சுற்றாடல் அதிகாரசபையும் முதலீட்டுச் சபையும் தமது கடமையைச் செய்யத் தவறின, அதனால் அரசியலமைப்பின் 12(1)ஆம் உறுப்புரை உறுதிப்படுத்தும் சமத்துவ உரிமை மீறப்பட்டது என்றும் கண்டது.

2 கோடி ரூபா என்பது கேட்பதற்குப் பெரிய தொகை. ஐந்நூறு வீடுகளுக்குப் பங்கிட்டால் வீட்டுக்கு நாற்பதாயிரம் ரூபா. கிணற்றை ஒரு தடவை முழுதாக இறைத்து, சேறு அள்ளி, சுவரைத் துப்புரவாக்குவதற்கு அது போதும். பாறை வெடிப்புக்குள் இறங்கிய எண்ணெயை எடுக்கப் போதாது. ஒரு மின் நிலையத்தின் வருமானத்தோடு ஒப்பிட்டால் அது கம்பனியின் கணக்குப் புத்தகத்தில் ஒரு செலவு வரி. அவ்வளவுதான்.

ஆனால் என்னைக் கூடுதலாக யோசிக்க வைத்தது முதலீட்டுச் சபை பற்றிய பகுதி. எமது சட்ட ஏற்பாட்டில், பெரிய தொழிற்சாலை ஒன்று கழிவை வெளியேற்றி இயங்குவதற்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் வேண்டும். பொதுவாக அதை வழங்குவது மத்திய சுற்றாடல் அதிகாரசபை. ஆனால் முதலீட்டுச் சபையின் கீழ் வரும் கம்பனிகளுக்கு அந்த அனுமதிப்பத்திரத்தை வழங்கும் பொறுப்பு முதலீட்டுச் சபையிடமே ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. முதலீட்டுச் சபையின் வேலை என்ன? வெளிநாட்டு, உள்நாட்டு முதலீட்டாளர்களை அழைத்து வருவது, வரிச் சலுகை கொடுப்பது, அவர்கள் ஓடிவிடாமல் பார்த்துக்கொள்வது. வருட இறுதியில் அதன் வெற்றி எத்தனை டொலர் முதலீடு வந்தது என்றே அளக்கப்படுகிறது. அதே சபை அதே கம்பனியின் எண்ணெய்த் தாங்கியைப் பரிசோதித்து, "இதை மூடு" என்று சொல்ல வேண்டும். பெண் பார்த்து வந்த தரகரே கல்யாணத்துக்குப் பிறகு விவாகரத்து வழக்கில் நீதிபதியாக உட்கார்ந்தது போல.

இதில் இலஞ்சம் என்று ஒன்று கைமாறியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. எமது ஊர்களில் ஊழல் என்றால் உறையில் வைத்துக் கொடுக்கும் பணம் என்றுதான் நினைக்கிறோம். அப்படியான உறைகள் இருக்கின்றன, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் விதியை மீறுவதற்கு அதிகாரிக்குப் பணம் கொடுப்பது சின்ன வியாபாரியின் வழி. பெரிய கம்பனிக்கு அது தேவைப்படுவதில்லை. விதியைக் கண்காணிக்கும் நிறுவனத்தையே முதலீட்டாளரின் விருந்தோம்பல் பகுதியாக மாற்றி வைத்துவிட்டால், அல்லது விதியையே தனக்கு ஏற்றபடி எழுதவைத்துவிட்டால், எல்லாம் சட்டப்படி நடக்கும். கணக்காய்வாளர் வந்தாலும் கோப்பில் பிழை இருக்காது.

விதியை எழுதவைப்பதற்கு இந்த நாட்டில் நாள் பார்த்துத்தான் செய்கிறார்கள். மக்கள் இருட்டில் இருக்கும் நாள்.

2022ஐ நினைத்துப் பாருங்கள். மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியால மின்வெட்டு. எரிபொருள் வரிசை, எரிவாயு வரிசை. புத்தளத்தில் என் உம்மா நோன்பு காலத்தில் சஹருக்கு விறகு அடுப்பு மூட்டியதை இப்போதும் சொல்லிக்கொண்டிருப்பார். அதே மார்ச் மாதத்தில்தான் மன்னாரிலும் பூநகரியிலும் காற்றாலை மின் திட்டங்களுக்காக இந்தியாவின் அதானி குழுமத்தோடு புரிந்துணர்வு உடன்படிக்கை கைச்சாத்தானது. கேள்விப்பத்திரம் கோரப்படவில்லை. ஆனால் அப்போதிருந்த மின்சாரச் சட்டம் போட்டிக் கேள்விப்பத்திர முறையை வலியுறுத்தியது. ஆகவே சட்டம் திருத்தப்பட்டது. 2022 ஜூன் 9ஆம் திகதி, வீதியெங்கும் அரகலய நடந்துகொண்டிருந்தபோது, பாராளுமன்றம் 120க்கு 36 என்ற வாக்குகளால் மின்சாரத் திருத்தச் சட்டமூலத்தை நிறைவேற்றியது. 10 மெகாவோட்டுக்கு மேற்பட்ட திட்டங்களுக்காவது போட்டிக் கேள்விப்பத்திரம் வேண்டும் என்று எதிர்க்கட்சி கேட்டது, கிடைக்கவில்லை. மின்சார சபையின் பொறியியலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியும் பயனில்லை.

மறுநாள், ஜூன் 10ஆம் திகதி, மின்சார சபையின் தலைவர் எம்.எம்.சி. பெர்டினாண்டோ பாராளுமன்றத்தின் கோப் குழு முன் ஆஜரானார். அதானிக்குத் திட்டத்தை வழங்குமாறு இந்தியப் பிரதமர் மோடி அழுத்தம் கொடுப்பதாக ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ தன்னிடம் கூறினார் என்று அவர் அங்கே சொன்னார். ஜனாதிபதி அதை மறுத்தார். பெர்டினாண்டோ தான் உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லிவிட்டதாகக் கூறி வாபஸ் வாங்கினார். ஜூன் 13இல் பதவி விலகினார். ஒரு சட்டம் நிறைவேறிய மறுநாளே அந்தச் சட்டம் யாருக்காக வந்தது என்ற சந்தேகத்தைக் கிளப்பும் வாக்குமூலம், அதற்கு மூன்று நாள் கழித்துப் பதவி விலகல். அவர் சொன்னது உண்மையா, உணர்ச்சிவசமா என்று எந்த விசாரணையும் தீர்த்துவைக்கவில்லை. சட்டம் மட்டும் நின்றது.

ஆட்சி மாறியது, ஜனாதிபதி மாறினார், திட்டம் நகர்ந்துகொண்டே போனது. 484 மெகாவோட் அளவிலான அந்தத் திட்டத்துக்கு, அலகொன்றுக்கு 8.26 அமெரிக்க சதம் என்ற விலையில் இருபது வருடங்களுக்கு மின்சாரம் வாங்க 2024 மே மாதம் அமைச்சரவை அனுமதி கொடுத்தது. மன்னார்த் தீவு மக்களும் சுற்றாடல் அமைப்புகளும் எதிர்த்தனர். மன்னார் இடம்பெயர் பறவைகள் வந்திறங்கும் இடம். மீனவர்களும் சிறு விவசாயிகளும் நெருக்கமாக வாழும் இடம். உயர் நீதிமன்றத்தில் வழக்குகள் தாக்கலாகின. 2024 நவம்பரில் அமெரிக்காவில் கௌதம் அதானி மீது இந்திய அதிகாரிகளுக்கு இலஞ்சம் கொடுக்க முயன்றதாகக் குற்றப்பத்திரிகை தாக்கலானது. குழுமம் அதை மறுத்தது. 2025 ஜனவரியில் புதிய அரசாங்கம் முன்னர் இணங்கிய விலையை ரத்துச் செய்தது. பெப்ரவரியில் அதானி குழுமம் தானே விலகிக்கொண்டது.

பின்னர் நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. போட்டிக் கேள்விப்பத்திர முறையில் மன்னாரில் 50 மெகாவோட் காற்றாலைத் திட்டம் ஒன்று உள்ளூர்க் கம்பனிக்கு வழங்கப்பட்டது. விலை அலகொன்றுக்கு 4.65 சதம். இரண்டு திட்டங்களின் அளவும் நிபந்தனைகளும் ஒன்றல்ல. பெரிய திட்டத்தில் மின்கடத்திப் பாதைச் செலவு போன்றவை வேறுபடும் என்று வாதிடலாம். அந்த வாதத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் 8.26க்கும் 4.65க்கும் இடையில் இருக்கும் தூரம் பெரிது. அந்தத் தூரத்தை இருபது வருடங்களுக்கு எங்கள் மின் பட்டியலில் நாங்கள் கட்டியிருப்போம். கரவெட்டியில் வெங்காயத்துக்கு இறைக்கும் மோட்டருக்கும், புத்தளத்தில் பள்ளிவாசல் மின்விசிறிக்கும்.

கேள்விப்பத்திரம் இருந்தால் எல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. 2025 ஆகஸ்டில் மன்னார்த் தீவு மக்கள் மீண்டும் வீதிக்கு வந்தது கேள்விப்பத்திரத்தின் மூலம் வந்த காற்றாலைகளுக்கு எதிராகத்தான். விலை நியாயமாக இருந்தாலும் இடம் நியாயமாக இருக்க வேண்டும் என்பது அவர்களின் வாதம். ஜனாதிபதி ஒரு மாதம் இடைநிறுத்தினார். பின்னர் வேலை தொடர்ந்தது. செப்டெம்பரில் பொலிசார் அந்த மக்களைத் தாக்கினர். ஊழலை எதிர்த்து ஆட்சிக்கு வந்த அரசாங்கத்தின் கீழும் உள்ளூர் மக்களின் குரலுக்குச் சட்டத்தில் ஓர் இடம் இல்லை என்பதையே அது காட்டுகிறது.

இந்த இடத்தில் மின்சாரத்தை விட்டுச் சீனிக்கு வருகிறேன், ஏனென்றால் இதே முறைதான் அங்கேயும். 2020 ஒக்டோபர் 13ஆம் திகதி, கொரோனா இரண்டாம் அலை தொடங்கிய நேரம், இறக்குமதிச் சீனி கிலோ ஒன்றின் மீதான விசேட வியாபாரப் பண்ட அறவீடு 50 ரூபாவிலிருந்து 25 சதமாகக் குறைக்கப்பட்டது. ஒரே வர்த்தமானி அறிவித்தல். வாழ்க்கைச் செலவைக் குறைக்கத்தான் என்றார்கள். கடையில் சீனி விலை அந்த அளவுக்கு இறங்கவில்லை. திறைசேரிக்கு ஏற்பட்ட இழப்பு ஏறக்குறைய 1,600 கோடி ரூபா என்று பாராளுமன்றக் குழுவில் தெரியவந்தது. அந்தப் பணம் இறக்குமதியாளர்களிடம் போனது. சுன்னாகத்து நட்டஈட்டைப் போல எண்ணூறு மடங்கு. இதற்காக யாரும் ஒரு கிணற்றில்கூட எண்ணெய் ஊற்றவில்லை. எந்தச் சட்டமும் மீறப்படவில்லை, ஓர் இலக்கம் மாற்றப்பட்டது. அவ்வளவுதான்.

யார் இந்த இலக்கங்களை மாற்றவைக்கிறார்கள்? அதைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் தேர்தல் காலத்தில் யார் யாருக்குப் பணம் கொடுத்தார்கள் என்று தெரிய வேண்டும். 2018இல் ஒரு சந்தர்ப்பத்தில் அது தற்செயலாக வெளியே வந்தது. மத்திய வங்கி பிணைமுறி விவகாரத்தின் மையத்தில் இருந்த அர்ஜுன் அலோசியஸுடன் தொடர்புடைய கம்பனி ஒன்றிடமிருந்து, 2015 பொதுத் தேர்தல் காலத்தில் 10 இலட்சம் ரூபாவுக்கான காசோலையைப் பெற்றதாகப் பாராளுமன்ற உறுப்பினர் தயாசிறி ஜயசேகர ஒப்புக்கொண்டார். தேர்தல் செலவுக்குப் பெற்றேன் என்றார். அன்றைய சட்டத்தில் அவர் அதை யாருக்கும் வெளிப்படுத்த வேண்டிய கடமை இருக்கவில்லை. பலர் பெற்றிருக்கிறார்கள், எனது பெயர் மட்டும் ஏன் வருகிறது என்ற தோரணையில் அரசியல்வாதிகள் அப்போது பேசியதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். உண்மையில் அந்தத் தோரணைதான் பெரிய வாக்குமூலம்.

2023இல் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டம் வந்தது. சுதந்திரத்துக்குப் பின்னர் எழுபத்தைந்து வருடம் காத்திருந்து வந்த சட்டம், குறைத்துப் பேசக் கூடாது. வேட்பாளர் எவ்வளவு செலவழிக்கலாம் என்று எல்லை வைக்கிறது. வெளிநாட்டு அரசாங்கங்கள், வெளிநாட்டுக் கம்பனிகள், அடையாளம் தெரியாத நபர்கள் ஆகியோரிடம் பணம் வாங்கத் தடை விதிக்கிறது. தேர்தல் முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் வரவு செலவுக் கணக்குச் சமர்ப்பிக்க வேண்டும். 2024 ஜனாதிபதித் தேர்தலில் வாக்காளர் ஒருவருக்கு 109 ரூபா என்று எல்லை நிர்ணயிக்கப்பட்டது. ஒரு வேட்பாளருக்குச் சுமார் 186 கோடி ரூபா. 38 வேட்பாளர்கள் போட்டியிட்டனர். அந்த 186 கோடியை எங்கள் ஊரில் யார் தன் சட்டைப் பையிலிருந்து எடுப்பார்?

சட்டம் விட்டுவைத்த கதவு எது என்றால், உள்நாட்டுத் தனியார் கம்பனி. அது கொடுக்கலாம். ஒரு கம்பனி இவ்வளவுதான் கொடுக்கலாம் என்று எல்லை இல்லை. அரச ஒப்பந்தம் வைத்திருக்கும் கம்பனி, அனுமதிப்பத்திரத்துக்காகக் காத்திருக்கும் கம்பனி என்று வேறுபாடு இல்லை. கணக்கில் வருவதும் தேர்தல் காலச் செலவுதான். வருடம் முழுவதும் கட்சி அலுவலகத்துக்கு வாடகை கொடுப்பவர், வாகனம் கொடுப்பவர், பத்திரிகை விளம்பரத்துக்குக் கொடுப்பவர் யார் என்பது அந்தக் கணக்கில் ஏறாது. கணக்கு வெளியே வருவதும் வாக்குப் போட்டு முடிந்த பிறகு.

பக்கத்து நாட்டில் இதன் மறைப்பு எப்படிக் கிழிந்தது என்று பாருங்கள். இந்தியாவில் கம்பனிகள் பெயர் வெளியே வராமல் கட்சிகளுக்குப் பணம் கொடுக்க வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டத்தை 2024 பெப்ரவரி 15இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ரத்துச் செய்தது. விபரங்களை வெளியிடச் சொன்னது. மிகப் பெரிய கொடையாளியாக வெளிப்பட்டது லொத்தர் வியாபாரம் செய்யும் ஃபியூச்சர் கேமிங் என்ற கம்பனி, 1,368 கோடி இந்திய ரூபா. அதில் 509 கோடி தங்களுக்கு வந்ததாகத் தமிழகத்தின் திராவிட முன்னேற்றக் கழகம் தானே தேர்தல் ஆணையத்துக்குக் கொடுத்த விபரத்தில் சொல்லியிருந்தது. பாரதிய ஜனதாக் கட்சிதான் மொத்தத்தில் அதிகம் பெற்றது. அதைச் சொல்லிச் சந்தோஷப்படும் எம்மவர்கள், நாங்கள் விரும்பும் கட்சிகளும் அதே வரிசையில் நின்றதைப் பார்க்கத் தயாராக இருக்க வேண்டும். இலங்கையில் அப்படி ஒரு பட்டியல் வந்தால் அதில் கொழும்பிலுள்ள எமது வர்த்தகர்களின் பெயர்களும் இருக்கும், எமது கட்சிகளின் பெயர்களும் இருக்கும். இறக்குமதி வரியும் இனம் பார்த்துக் குறைவதில்லை, எண்ணெயும் இனம் பார்த்துக் கசிவதில்லை. மேலே அடைப்புக்குறிக்குள் நான் சொல்லத் தொடங்கியது இதைத்தான். அமைச்சர் எம்மவர் என்பதால் அவருடைய செலவை ஏற்றுக்கொண்டவர் எம்மைக் காப்பாற்றுவார் என்று அர்த்தமில்லை.

கண்காணிக்கும் நிறுவனங்கள் பற்றியும் ஒரு வார்த்தை. 2023 மே 24ஆம் திகதி பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் தலைவர் ஜனக ரத்நாயக்கவைப் பாராளுமன்றம் 123க்கு 77 என்ற வாக்குகளால் பதவி நீக்கியது. மின் கட்டண உயர்வை எதிர்த்து அரசாங்கத்தோடு முரண்பட்டவர் அவர். அவரும் ஒரு தொழிலதிபர்தான், அவருடைய அரசியலுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் மின் கட்டணத்தை ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் தலைவரை ஆளும் தரப்பு பெரும்பான்மையால் தூக்கி எறியலாம் என்றால், அடுத்து அந்தக் கதிரையில் உட்காருபவர் எந்தக் கோப்பை எவ்வளவு நேரம் பார்ப்பார்?

உயர் நீதிமன்றம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, சில வேளைகளில் காப்பாற்றியும் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு எப்பாவல பொஸ்பேற் வழக்கில், அமெரிக்கக் கம்பனி ஒன்றுக்கு அநுராதபுர மாவட்டத்தின் கனிய வளத்தை எழுதிக்கொடுக்கவிருந்த ஒப்பந்தத்தை, அந்தக் கிராமத்து விவசாயிகளும் விகாராதிபதியும் வழக்குப் போட்டுத் தடுத்தனர். இயற்கை வளம் அரசாங்கத்தின் சொத்தல்ல, மக்களுக்காக அதை அரசாங்கம் நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கிறது என்ற கோட்பாடு அதில் பேசப்பட்டது. எமது வழக்கில் அதற்கு அமானிதம் என்ற சொல் உண்டு. சுன்னாகம் தீர்ப்பும் அதே வழியில் வந்ததுதான். வித்தியாசம் என்னவென்றால், எப்பாவலயில் ஒப்பந்தம் கைச்சாத்தாவதற்கு முன்னரே வழக்கு. சுன்னாகத்தில் எண்ணெய் இறங்கிய பின்னர் வழக்கு. முன்னையவர்கள் தங்கள் நிலத்தைக் காப்பாற்றினார்கள். பின்னையவர்களுக்கு 2 கோடியில் ஒரு பங்கு கிடைத்தது.

முன்னரே கேட்பதற்கு இன்று ஒரு வழி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம். இதைப் பத்திரிகையாளர்களுக்கும் சட்டத்தரணிகளுக்கும் உரியது என்று பலர் நினைக்கின்றனர். பிரதேச சபை, பிரதேச செயலகம், சுற்றாடல் அதிகாரசபை, முதலீட்டுச் சபை எல்லாவற்றிலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். தமிழில் சாதாரணக் கடிதம் எழுதினால் போதும். ஏன் கேட்கிறேன் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருகிறோமா இல்லையா என்று அவர்கள் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, அதன் பின் ஆணைக்குழு.

இங்கே கரவெட்டியில் சில இளைஞர்களோடு பேசும்போது, சுன்னாகத்தில் 2009இலேயே ஒரு கிணற்றுக்காரர் இப்படி ஒரு கடிதம் எழுதியிருந்தால் என்ன கேட்டிருக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் போட்டோம். அப்போது இந்தச் சட்டம் இருக்கவில்லை. இப்போது இருக்கிறது. முசலியிலும் கற்பிட்டியிலும் பூநகரியிலும் இருக்கும் வாசகர்கள் தமது ஊரில் புதிதாக வேலி அடைக்கப்படும் காணிகளைப் பற்றி அதையே கேட்கலாம்: இந்தத் திட்டத்தின் சுற்றாடல் அனுமதிப்பத்திரத்தைக் கொடுத்தது எந்த நிறுவனம், அதன் இலக்கமும் காலாவதித் திகதியும் என்ன, அதிலுள்ள நிபந்தனைகளின் பிரதி தாருங்கள், கடைசியாக யார் எப்போது வந்து பரிசோதித்தார், அயலிலுள்ள கிணற்று நீர் வேலை தொடங்க முன்னர் பரிசோதிக்கப்பட்டதா, பரிசோதிக்கப்பட்டிருந்தால் அந்த அறிக்கை எங்கே.